தாய்மை நலம்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. ஐந்துமே கர்ப்ப காலத்தில் எதைக் குடிக்கலாம், எதை உண்ணலாம் என்று கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. நம் வீடுகளில் கர்ப்பிணிக்கு விதிக்கப்படும் தடைகள் ஏராளம். ஆனால் அவை பெரும்பாலும் தவறான பொருள்களின்மேல் விழுகின்றன. இக்கடிதங்களைப் படித்தபோது அந்தக் குறை இன்னும் தீரவில்லை என்று தெரிந்தது.

கேள்வி: நான் பத்து வாரக் கர்ப்பிணி. தொழிற்சாலைப் பேருந்து காலை ஆறு மணிக்கே வந்துவிடுவதால், ஐந்தரை மணிக்கு ஒரு கோப்பி ஓ (பாலில்லாக் கடுங்காப்பி) குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். பத்து மணிக்குப் பசியாறும்போது ஒரு தே தாரேக் (கெட்டிப் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்), மதியம் தூக்கம் வந்தால் பொட்டலக் காப்பி, மாலையில் வீட்டில் ஒரு தேநீர். மாமியார் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்திய மறுநாளே தலைவலி தாங்க முடியவில்லை. கிளினிக்கில் "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: கிளினிக்கில் சொன்னது சரியே, அளவைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. கர்ப்பிணி ஒருவர் காப்பி, தேநீர், குளிர்பானம், சாக்லெட் என எல்லா வழிகளிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் வரை காஃபீன் உட்கொண்டால் கருவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் தெரிவித்தது. பிரிட்டன் அதற்கு முன்பே, 2008இல், தன் பழைய 300 மில்லிகிராம் வரம்பை 200க்கு இறக்கிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் தன் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் கருச்சிதைவும் குறைந்த எடையில் குழந்தை பிறப்பதும் நேரும் வாய்ப்பைத் தணிக்க அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இரண்டு எண்களில் சிறியதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

இனி உங்கள் தம்ளர்களைக் கணக்கிடுவோம். பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை தரும் அளவுகளின்படி ஒரு குவளை உடனடிக் காப்பியில் சுமார் 100 மில்லிகிராம், வடித்தெடுத்த காப்பியில் 140, தேநீரில் 75 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் பையில் வடிக்கும் காப்பித் தூள் பெரும்பாலும் ரோபஸ்டா வகைக் கொட்டையில் செய்யப்படுவது. அராபிகாவைவிட ரோபஸ்டாவில் ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் உண்டு. எனவே உங்கள் காலைக் கோப்பி ஓவை 140 என்று எழுதுவதுகூடத் தாராளம் அல்ல. அதனுடன் தே தாரேக்குக்கு 75, பொட்டலக் காப்பிக்கு 100, மாலைத் தேநீருக்கு 75 என்று கூட்டினால் 390 வருகிறது. வரம்பின் இரு மடங்கை நெருங்கிவிட்டீர்கள்.

பெரியவர்களான நம் உடலில் இது சில மணி நேரத்தில் கழிந்துவிடுகிறதே, பிறகு ஏன் இத்தனை கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். கர்ப்பமில்லாத காலத்தில், குடித்த காஃபீனில் பாதியை உடல் சுமார் ஐந்து மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். கர்ப்பம் வளர வளர அந்த வேகம் தளர்ந்து, கடைசி மூன்று மாதங்களில் பாதி கழியவே ஏறத்தாழ 15 மணி நேரம் பிடிக்கிறது. மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கும். அதன் மேல்தான் அடுத்த நாளின் கோப்பி ஓ வந்து சேரும். காஃபீன் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கக்கூடியது. அதைச் சிதைக்கும் நொதியோ வயிற்றில் உள்ள குழந்தையிடம் இன்னும் உருவாகியிருப்பதில்லை.

தலைவலிக்கும் விளக்கம் உண்டு. நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் தொடங்கும். அதிகம் போனால் ஒன்பது நாள்களில் அடங்கிவிடும். இது குழந்தைக்கு ஆபத்தின் அறிகுறி அன்று. ஆனாலும் வேலைக்குப் போகும் பெண் அத்தனை நாள் வேதனைப்பட வேண்டிய அவசியமும் இல்லை. முதல் நான்கு நாள் மாலைத் தேநீரை விடுங்கள். அடுத்த நான்கு நாள் மதியப் பொட்டலத்தை விடுங்கள். அதன்பின் காலைக் கோப்பி ஓவை வீட்டில் ஒரு கரண்டித் தூளில் கலக்கும் உடனடிக் காப்பியாக மாற்றிக்கொள்ளுங்கள். 100, 75 எனக் கூட்டினால் 175 ஆகிறது. இடையில் தலைவலிக்கு மாத்திரை வாங்குவதாக இருந்தால் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். பாராசிட்டமாலுடன் மாத்திரை ஒன்றுக்கு 65 மில்லிகிராம் காஃபீன் சேர்த்தவையும் கடைகளில் விற்கப்படுகின்றன. காப்பியை விட்டவர் அதை மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 20 வாரங்களுக்குப் பிறகு கடுமையான தலைவலியுடன் பார்வை மங்குவதோ, முகமும் கையும் வீங்குவதோ இருந்தால், அதைக் காப்பியின் தலையில் கட்டாமல் அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். அது இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம்.

கேள்வி: என் மகள் 26 வாரக் கர்ப்பிணி. இரத்தம் 9.4தான் இருக்கிறது என்று கிளினிக்கின் இளஞ்சிவப்புக் கர்ப்பிணிப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. காலையில் தோசை உண்டு, தேநீர் குடித்துக்கொண்டே மாத்திரையையும் போட்டுக்கொள்கிறாள். வாரம் இருமுறை ஆட்டு ஈரலும் சமைத்துத் தருகிறேன். ஆனாலும் இரத்தம் ஏறவில்லையே?

பதில்: அம்மா, விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாத்திரை தவறவில்லை; ஆனால் தேநீரோடு உள்ளே போகிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்துகள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவோடு தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 64 விழுக்காடும், காப்பி குடித்தபோது 39 விழுக்காடும் குறைந்தது. இந்த வகையில் காப்பியைவிடத் தேநீர்தான் பெரிய குற்றவாளி என்பது பலருக்குத் தெரிவதில்லை. காப்பியை நிறுத்திவிட்டுத் தேநீருக்கு மாறிய கர்ப்பிணியை வீட்டில் எல்லாரும் பாராட்டுவார்கள். அவருடைய இரத்தம் மட்டும் ஏறாது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பி இரும்பைத் தடுக்கவில்லை. உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, உணவோடு குடித்ததைப் போலவே தடுத்தது. எனவே தேநீர் வேண்டுமென்றால் உங்கள் மகள் அதை முதலில் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து உண்ணட்டும். உண்ட பிறகு என்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும். மாத்திரையைத் தண்ணீரோடு, கூடவே ஒரு துண்டு கொய்யாவோ ஆரஞ்சோ உண்டு விழுங்கினால் வைட்டமின் சி இரும்பை உறிஞ்சத் துணைபுரியும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் பாலும் இரும்பைத் தடுப்பவையே. அவற்றை இரவுக்கு ஒதுக்குங்கள். மாத்திரையால் வயிறு புரட்டினாலோ மலச்சிக்கல் வந்தாலோ, தானாக நிறுத்திவிடாமல் தாதியிடம் சொல்லி வேறு வகை கேட்கலாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்று கொள்வார்கள். 9.4ஐ அலட்சியப்படுத்தாமல் மறு பரிசோதனைக்குக் குறித்த தேதியில் அழைத்துச் செல்லுங்கள்.

ஈரலைப் பற்றிச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஏனெனில் நீங்கள் அன்போடு சமைத்துத் தருகிறீர்கள். ஈரலில் இரும்பு மிகுதி என்பது உண்மை. ஆனால் விலங்குகளின் ஈரலில் ரெட்டினால் வடிவில் உள்ள வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இதுவரை உண்டதற்காகக் கலங்க வேண்டாம்; இனி அதற்குப் பதில் நன்றாக வெந்த ஆட்டிறைச்சி, முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கொடுங்கள்.

கேள்வி: கறுப்புக் காப்பி குடித்தால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், குங்குமப்பூப் பால் குடித்தால் சிவப்பாகப் பிறக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை இல்லை. தோலின் நிறம் தாய் தந்தையிடமிருந்து வரும் மரபணுக்களால் அமைவது. தம்ளரின் நிறம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதில்லை. அப்படிப் போகுமானால், விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்கப் போகும் அவசரத்தில் கடுங்காப்பி குடித்துவிட்டு ஓடிய ரப்பர் பால்வெட்டுப் பெண்களின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் இருந்திருக்க வேண்டும். பாலில் இரண்டு இழை குங்குமப்பூ போட்டுக் குடிப்பதில் தீங்கில்லை. ஆனால் அதன் விலைக்கு எத்தனை கிலோ பழம் வாங்கலாம் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கறுப்பாகப் பிறந்தால் என்ன குறைவு என்ற கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: மருமகள் முழுகாமல் இருக்கிறாள். பப்பாளி, அன்னாசி இரண்டையும் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. உடம்பு தேற வாரந்தோறும் சுறாப்புட்டும், காலையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டும் கொடுக்கிறேன். வேறு என்ன கொடுக்கலாம்?

பதில்: உங்கள் அக்கறையைப் பாராட்டுகிறேன், ஆனால் வாசலில் தடுத்தவற்றில் ஒன்றையாவது உள்ளே விடலாம், உள்ளே விட்டவை இரண்டையும் தடுத்திருக்க வேண்டும்.

பப்பாளிக் காயின் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் பொருள் உண்டு. சிங்கப்பூரில் எலிகளைக் கொண்டு நடத்திய, 2002இல் வெளிவந்த ஆய்வில் அந்தப் பால் கருப்பைத் தசையைச் சுருக்கியது. நன்கு பழுத்த பப்பாளியின் சாறு அப்படிச் செய்யவில்லை. ஆகவே காயும் செங்காயும் வேண்டாம். பப்பாளிக்காய் சேர்த்த ஊறுகாயும் வேண்டாம். முழுதும் பழுத்ததில் அச்சமில்லை. அன்னாசியில் பேசப்படும் புரொமெலைன் பெரும்பாலும் நாம் தூக்கி எறியும் தண்டில்தான் இருக்கிறது. உணவுக்குப் பின் ஒன்றிரண்டு துண்டு உண்பதால் கரு கலையாது.

சுறாவோ, கடலில் பல ஆண்டுகள் மற்ற மீன்களைத் தின்று வளர்வதால், தன் உடலில் பாதரசத்தைச் சேர்த்து வைத்திருக்கும் மீன். அந்தப் பாதரசம் குழந்தையின் மூளை, நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் சுறாவை அறவே தவிர்க்க வேண்டும். பால் சுரக்கும் என்று பிரசவத்துக்குப் பிறகு கொடுப்பவர்களும் வாரத்துக்கு ஒரு வேளையைத் தாண்ட வேண்டாம். கெம்போங், நெத்திலி போன்ற சிறு மீன்களில் அந்தக் கவலை மிகக் குறைவு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். கருவாட்டு நெத்திலி என்றால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவுங்கள். முட்டையை மஞ்சள் கரு இறுகும்வரை வேகவையுங்கள். அரைவேக்காட்டில் சால்மொனெல்லா கிருமி பிழைத்திருக்க முடியும். கறி மீயில் மேலாகக் கொதிநீர் காட்டிப் போடும் கெராங் சிப்பிக்கும் இதே விதிதான்.

கேள்வி: என் மனைவி கர்ப்பமானதும் காப்பியை அடியோடு விட்டுவிட்டு, நாளுக்கு மூன்று தே தாரேக்கும் இரவில் மைலோவும் குடித்தாள். இப்போது இனிப்பு நீர்ப் பரிசோதனையில் இரண்டு மணி நேர அளவு 8.6 என்று வந்திருக்கிறது. தேநீர் காப்பியைவிட நல்லது என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: காஃபீன் கணக்கில் மூன்று தேநீரே 225 ஆகிவிடுகிறது என்பதை முதல் பதிலிலிருந்து நீங்களே கூட்டியிருப்பீர்கள். மைலோவில் உள்ள காஃபீன் பொருட்படுத்த வேண்டாத அளவு. உங்கள் மனைவியின் சிக்கல் சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கவைத்துச் செய்யும் அந்தப் பரிசோதனையில், இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல் அல்லது இரண்டு மணி நேரத்துக்குப் பின் 7.8 எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று மலேசிய மருத்துவ வழிகாட்டி வரையறுக்கிறது. 8.6 அதைத் தாண்டிவிட்டது. இதற்குத் தேநீர் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பெற்றோருக்கு நீரிழிவு இருப்பதும், உடல் எடையும், வயதும் இதில் சேரும். ஆனால் உங்கள் கையால் இன்றே மாற்றக்கூடியது அந்தத் தம்ளர்தான்.

கடையில் டின்னிலிருந்து ஊற்றும் கெட்டிப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டு பெரிய கரண்டி ஊற்றினால் ஏறக்குறைய ஐந்து சிறு கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. அந்த டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் அது பெரும்பாலும் பால்கூட இல்லை, "கிரிமர் மானிஸ்" (இனிப்பூட்டிய கிரிமர்) என்பது தெரியும். பால் கொழுப்புக்குப் பதிலாக நம் செம்பனையின் எண்ணெயைச் சேர்த்தது. எனவே "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி வாங்குவதால் பெரிய பயன் இல்லை. "தே சி கோசோங்" என்று கேளுங்கள். சர்க்கரை சேர்க்காத ஆவிப்பாலில் போட்டுத் தருவார்கள். ஒட்டுக்கடையில் ஆவிப்பால் இல்லையென்றால் "தே ஓ கோசோங்", அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். நாளுக்கு இரண்டு தம்ளருக்கு மேல் வேண்டாம். மைலோவை வீட்டில் கெட்டிப் பால் இல்லாமல் வெறும் பாலில், தூளைப் பாதியாகக் குறைத்துக் கலக்குங்கள். நிறுத்திவிட முடிந்தால் இன்னும் நல்லது. கிளினிக்கில் உணவு ஆலோசகரைப் பார்க்க நாள் குறித்துத் தருவார்கள். அன்று மனைவியோடு நீங்களும் போய், ஒரு வாரம் இருவரும் உண்டதையும் குடித்ததையும் எழுதிய தாளைக் கையோடு கொடுங்கள்.