சாலடில் ஆப்பிள் ஏன் கறுக்கிறது, ஊறுகாய் போட்டால் நிற்குமா?

கேள்வி: என் மகன் சிம்லா பக்கம் வேலையில் இருக்கிறான். லீவில் வந்தபோது ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்தான். நறுக்கித் தட்டில் வைத்தால் வீட்டில் யாரும் தொடுவதில்லை. போன ஞாயிறு விருந்தாளிகள் வந்தார்கள் என்று வெள்ளரிக்காய், வெங்காயத்தோடு சாலட் செய்தேன். அவர்கள் சாப்பிட உட்காருவதற்குள் ஆப்பிள் பழுப்பாகி, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நின்றுவிட்டது. தயிர்ப் பச்சடியும் சப்பென்று இருந்தது. ரஷ்யாவில் முழு ஆப்பிளையே உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம் ஊர் வெயிலுக்கு அது சரிவருமா? – ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. சிம்லாவிலிருந்து வந்தது என்றால் அது அநேகமாக ராயல் டெலிஷியஸ் அல்லது அதற்குப் பங்காளியான ஒரு சிவப்பு ரகம். இந்த ஆப்பிளில் இனிப்பு தூக்கல், புளிப்பு மிகக் குறைவு. சும்மா கடித்துச் சாப்பிட நல்ல பழம். தொட்டுக்கொள்ளும் பதார்த்தமாக்கப் போனால்தான் காலை வாருகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் இமாச்சல் மலைகளில் முதலில் நட்டவை புளிப்பான இங்கிலாந்து ரகங்கள். நம் ஆட்களுக்கு அந்தப் புளிப்பு பிடிக்கவில்லை. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் (பின்னாளில் இவர் சத்யானந்த ஸ்டோக்ஸ் ஆனார்) 1916 வாக்கில் தன் நாட்டிலிருந்து டெலிஷியஸ் கன்றுகளைத் தருவித்து, சிம்லாவை அடுத்த கோட்கரில் நட்டார். அந்த இனிப்பு ஊருக்கே பிடித்துப்போனது. அன்று முதல் நம் கடைகளில் ஆப்பிள் என்றாலே இனிப்புதான். சாலடுக்கும் ஊறுகாய்க்கும் வேண்டியதோ, நாம் அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் புளிப்பு.

அதனால் சமையலில் ஆப்பிளை மாங்காய் என்று நினைத்துக்கொண்டு கையாளுங்கள். பழுத்த மாம்பழத்தில் யாரும் ஊறுகாய் போடுவதில்லை அல்லவா? கடையில் கிரீன் ஆப்பிள் என்று கேட்டால் கிடைக்கும் கிரானி ஸ்மித்தான் நம் மாங்காய். அது ஆஸ்திரேலியாவில் பிறந்த ரகம், நல்ல புளிப்பு, இறுக்கமான சதை. உங்கள் பெட்டிப் பழம் இரண்டுக்கு ஒரு கிரீன் ஆப்பிள் என்று கலந்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அது கிடைக்காவிட்டால் எலுமிச்சை, புளி, மாங்காய்த் துருவல் என்று ஏதாவது ஒரு புளிப்பை நாமாகச் சேர்த்தாக வேண்டும்.

இப்போது கறுப்பதற்கு வருகிறேன். ஆப்பிளின் சதையில் ஃபீனால் வகைப் பொருட்கள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேரும்போது பழுப்பு நிறம் வருகிறது. பழம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பார்க்கத்தான் அழகில்லை. புளிப்பு இந்த நொதியை அடக்கும். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி, தொடங்கிய நிறமாற்றத்தையும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். கிரீன் ஆப்பிள் மெதுவாகக் கறுப்பதற்கும் அதன் புளிப்பு ஒரு காரணம்.

எல்லாரும் எலுமிச்சைதான் சொல்வார்கள். நான் உப்புத் தண்ணீர்க் கட்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, நறுக்க நறுக்கத் துண்டுகளை அதில் போட்டுக்கொண்டே வாருங்கள். பத்து நிமிடம் போதும். வடித்து, நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கவலை இல்லை, கரிக்கவும் கரிக்காது. வாழைக்காயையும் வாழைப்பூவையும் மோரில் நறுக்கிப் போடுகிறோமே, ஏறக்குறைய அதே கணக்குதான்.

இன்னொன்று, இரும்பு அரிவாள்மனை வேண்டவே வேண்டாம். கைவசம் அதுதான் இருந்தது என்று ஒரு வளைகாப்புக்கு இருபது கிலோ ஆப்பிளை அதில் நறுக்கி, எல்லாத் துண்டுகளும் சாம்பல் பூசிய மாதிரி நின்றதைப் பார்த்தவன் நான். பழத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருவது அந்தக் கறுப்பு. எவர்சில்வர் கத்தி போதும்.

தண்ணீர் விட்டதற்குக் காரணம் உப்பு. ஆப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர், வெள்ளரிக்காயில் அதைவிட அதிகம். உப்பைத் தூவியதும் அது உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். வெள்ளரியையும் வெங்காயத்தையும் முதலில் உப்புப் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்துவிடுங்கள். ஆப்பிளை எண்ணெயிலோ தயிரிலோ புரட்டி வைத்துவிட்டு, உப்பையும் எலுமிச்சையையும் இலை போட்ட பிறகு சேருங்கள். ரொம்பப் பொடியாக நறுக்கவும் வேண்டாம். சுண்டுவிரல் நுனி அளவு இருந்தால்தான் பல்லுக்குத் தெரியும். தோலைச் சீவாதீர்கள். மெழுகு பூசிய கடைப் பழம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் போதும். விதையை மட்டும் ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள்.

சாலட் என்றாலே பலருக்கும் வால்டார்ஃப் நினைவுக்கு வரும். 1890களில் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலில் பிறந்தது. முதலில் அதில் இருந்தவை ஆப்பிள், செலரித் தண்டு, மயோனைஸ் என்ற மூன்றே சாமான்கள். வால்நட் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அதன் சூட்சுமம் எதிரெதிர்க் குணங்களில் இருக்கிறது: இனிப்புக்கு எதிரே செலரியின் லேசான கசப்பு, மொறுமொறுப்புக்கு எதிரே வழுவழுப்பு. இந்தக் கணக்கு பிடிபட்டால் செலரி இல்லாமலும் சமாளிக்கலாம். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, அதில் மிளகுத்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் அடித்துச் சேர்த்தால் மயோனைஸைவிட எனக்குப் பிடிக்கும். வால்நட்டுக்குப் பதில் வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை. கசப்புக்குக் கொஞ்சம் முள்ளங்கித் துருவலோ, இளம் வெந்தயக் கீரையோ.

விருந்துக்கு என்றால் நான் கோசுமல்லிதான் செய்வேன். கால் கப் பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்துக்கொள்ளுங்கள். ஒரு கேரட்டின் துருவல், ஒரு ஆப்பிள், பச்சைமிளகாய், கொத்தமல்லி, இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல். கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். உப்பும் எலுமிச்சையும் பரிமாறும்போது. பருப்பு கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்வதால் அடியில் தண்ணீர் நிற்பது குறைவு. முட்டைக்கோஸைத் தலைமுடிபோல் சன்னமாக அரிந்து, உப்பில் பிசறிப் பிழிந்து, ஆப்பிள் குச்சிகளோடு கலப்பதும் இதே மாதிரி நம்பி வைக்கக்கூடியது.

பச்சடி சப்பென்று இருந்ததற்குக் காரணம், தயிரும் பழமும் இரண்டும் மென்மையான ருசி. நடுவில் ஒரு காரம் இல்லை. இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய், ஒரு பச்சைமிளகாய், சிறு துண்டு இஞ்சி, அரை டீஸ்பூன் கடுகு, எல்லாவற்றையும் பச்சையாகவே அரைத்துத் தயிரில் கலந்து பாருங்கள். பச்சைக் கடுகின் நெடி மூக்கைத் தொடும்போது ஆப்பிளின் இனிப்பு திடீரென்று உயிர் பெறும். தயிர் அன்றைக்குத் தோய்ந்ததாக இருக்கட்டும், பழத்தைக் கடைசியில் போடுங்கள்.

சரி, ஊறுகாய். கல்யாணப் பந்தியில் நறுக்கு மாங்காய் மாதிரியே ஆப்பிள் ஊறுகாய் வைப்பதைச் சாப்பிட்டிருப்பீர்கள். இரண்டு கிரீன் ஆப்பிளைத் தோலோடு பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் வறுத்த வெந்தயப் பொடி, சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுப் பிசறுங்கள். மூன்று டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் பொரியவிட்டு, சூடு கொஞ்சம் ஆறியபின் மேலே ஊற்றிக் கிளறுங்கள். அரை மணி நேரத்தில் தயார். சிவப்பு ஆப்பிளில் செய்தால் ஒரு முழு எலுமிச்சை பிழியுங்கள்.

நிற்குமா என்றால், நிற்காது. ஃபிரிட்ஜில் நான்கு நாள், அவ்வளவுதான். ஆவக்காய் வருஷம் தாங்குவது அதில் போடும் உப்பின் அளவால். அந்த அளவு உப்பைச் சேர்த்தால் ஆப்பிளின் ருசி செத்துவிடும்.

இரண்டு வாரம் வேண்டுமென்றால் வினிகர் வழி இருக்கிறது. ஒரு கப் வினிகர், ஒரு கப் தண்ணீர், மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் உப்பு, நான்கு கிராம்பு, ஒரு பட்டைத் துண்டு, அரை டீஸ்பூன் கடுகு. இவற்றைக் கொதிக்கவிட்டு இறக்கி, ஐந்து நிமிடம் ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் அடுக்கிய ஆப்பிள் துண்டுகள் மேல் ஊற்றி, ஆறியபின் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே சாப்பிடலாம். துண்டுகள் வினிகரில் மூழ்கியே இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் துண்டு வெந்து குழைந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், புளிப்பு அதை அரிக்கும். இந்தத் துண்டுகளை நறுக்கி உருளைக்கிழங்கு சாலடில் போட்டால் நன்றாக இருக்கும். வறுத்த கோழிக்கும் தொட்டுக்கொள்ளலாம். பிரியாணிக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடி செய்யும்போது நான்கு துண்டு சேர்த்துப் பாருங்கள், யாரும் இது என்னவென்று கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது வேறு சாதி. அதில் வினிகரே கிடையாது. அந்தோனவ்கா என்ற புளிப்பான ரகத்தை மரப்பீப்பாயில், கம்புபோல் அங்கே விளையும் ரை தானியத்தின் வைக்கோலும் பிளாக்கரன்ட் என்ற பெர்ரிச் செடியின் இலைகளும் பரப்பி முழுசாக அடுக்குவார்கள். லேசாக உப்பும் தேனோ சர்க்கரையோ கலந்த தண்ணீரை ஊற்றி, மேலே பாரம் வைப்பார்கள். முதல் வாரம் 15 முதல் 20 டிகிரிச் சூட்டில் நொதிக்கும். அப்புறம் நிலவறைக் குளிரில் ஒன்றிரண்டு மாதம் கிடக்கும். நம் இட்லி மாவைப் புளிக்க வைக்கிற அதே குடும்பத்து நுண்ணுயிர்கள்தான் அங்கேயும் வேலை செய்கின்றன. வெளியே எடுத்தால் புளிப்பும் இனிப்புமாக, கடித்ததும் நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும். வறுத்த வாத்துக் கறிக்கும், புளிக்கவைத்த முட்டைக்கோஸுக்கும் அங்கே அது ஜோடி.

கோவையில் இதை அப்படியே வெளியில் வைத்தால் நடக்காது. 30 டிகிரியில் ஈஸ்ட் முந்திக்கொண்டு கள் வாடை வந்துவிடும், பழமும் தொளதொளத்துப் போகும். ஆசைக்குச் செய்துபார்க்க ஒரு வழி சொல்கிறேன். சின்னதாக, இறுக்கமான நான்கு கிரீன் ஆப்பிள்களை நான்காக வெட்டி விதை நீக்குங்கள். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை கரைத்து ஊற்றி, துண்டுகள் மேலே மிதக்காமல் சின்னக் கிண்ணம் வைத்து அமுக்குங்கள். ஒரு பகல் ஓர் இரவு வெளியில், பிறகு பத்து நாள் ஃபிரிட்ஜில். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். தண்ணீர் கலங்கி, குட்டிக் குமிழி வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். மேலே நிறத்தோடு பூசணம் கட்டினால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம். உங்கள் சிம்லா பழம் இதற்கு ஆகாது, மூன்றாம் நாளே கூழாகிவிடும்.

மீதிப் பெட்டியை இன்றைக்கே ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். வெளியில் வைத்தால் பல மடங்கு வேகமாக மெத்தென்றாகும். காய்கறித் தட்டில் மற்றவற்றோடு சேர்த்துப் போடாமல் தனிப் பையில் கட்டி வையுங்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் வெள்ளரிக்காய் மஞ்சளாகும், கேரட் கசக்கும். கேரட்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் பக்கத்தில் ஆப்பிள் இருந்ததா என்று பாருங்கள்.

இதையெல்லாம் மீறிச் சில பழங்கள் மாவு மாவாகத்தான் போகும். அவற்றை சாலடில் கலக்காதீர்கள், எத்தனை உப்புத் தண்ணீரில் போட்டாலும் மொறுமொறுப்பு திரும்பாது. துருவி, நெல்லிக்காய் அளவு புளி, மிளகாய்த்தூள், ஒரு துண்டு வெல்லம் சேர்த்து நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை கிளறினால் தொக்கு. ஃபிரிட்ஜில் மூன்று வாரம் இருக்கும், தோசைக்கு நன்றாகப் பொருந்தும்.