கண்ணாடி கேட்டாரே, ஏன் கொடுக்கவில்லை?

கேள்வி: என் ஆத்தாவுக்கு வயது 67. இடது மார்பில் புற்றுநோய் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன், மார்பகத்தையே எடுக்க வேண்டுமாம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் நானும் போனில் பேசி, கொழுப்புக் கட்டி என்றே ஆத்தாவிடம் சொல்லியிருக்கிறோம். தெரிந்தால் தாங்க மாட்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். இன்சூரன்ஸ் பேப்பர்தான் ஆத்தா என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பச்சி (அப்பா) போன பிறகு வீட்டு வரவு செலவெல்லாம் அவர்தான் பார்க்கிறார், அந்தக் கவலையே அவருக்குப் போதும். பின்னால் சட்டச் சிக்கல் வருமா? எப்போது உண்மையைச் சொல்லலாம்?
- காரைக்குடி வாசகர்

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. நோய் மாறும், ஊர் மாறும், ‘தாங்க மாட்டார்’ மட்டும் மாறாது. ஆத்தா கண்ணாடி கேட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர்க்காரர், வீட்டுக் கணக்கை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். இந்தத் தாளில் மட்டும் பார்க்காமல் போட்டிருக்கிறார் என்றால், நீட்டியது மகன் என்பதால்தான். அந்த நம்பிக்கையை வைத்தே அவரை ஏமாற்றியிருக்கிறீர்கள். பங்காளி யாராவது இப்படிச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் சும்மா விடுவீர்களா? இங்கே போவது அவர் உடம்பு.

சட்டம் கேட்டீர்கள். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பரிசோதிக்கச் சம்மதித்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பினால் தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதம்கூடச் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்கு, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், இத்தனையும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றவள் சொன்னதே செல்லாதபோது, இன்சூரன்ஸ் பேப்பர் என்று வாங்கிய கையெழுத்து எப்படிச் செல்லும்? சிக்கல் முதலில் டாக்டருக்குத்தான். படிவத்தை உங்கள் கையில் கொடுத்தனுப்பியவர்களுக்கும் இரண்டு திட்டு பாக்கி இருக்கிறது.

நான் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள். நோயாளி உரிமை என்று சொல்லிப் பிள்ளைகளை வாசலில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அவர் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மயக்கம் தெளிந்து தடவிப் பார்க்கும்போது கொழுப்புக் கட்டிக்கா இது என்று கேட்பாரே, அப்போது யார் பதில் சொல்வது? சிங்கப்பூர் அண்ணனா? தாங்க முடியாதது ஆத்தாவுக்கா உங்களுக்கா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்தப் படிவம் வேண்டாம், புதிதாக ஒன்று கொடுங்கள், நீங்களே ஆத்தாவிடம் பேசுங்கள் என்று கேளுங்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கிற வழி அவருக்குப் பொருந்துமா என்பதையும் ஆத்தா முன்னாலேயே கேளுங்கள். டாக்டர் அவரிடம் பேசுவதற்கு முந்தைய ராத்திரி நீங்கள் தனியாகப் போய், பொய் சொன்னேன் ஆத்தா என்று ஒப்புக்கொள்ளுங்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ‘எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் அதுவும் அவர் உரிமைதான், அப்போது நீங்கள் முடிவெடுக்கலாம். அழுவார், திட்டுவார், ஒரு வேளை சாப்பிடாமலும் இருப்பார். எழுந்து வந்துவிடாதீர்கள். அண்ணனுக்கு அப்புறம் போன் போட்டுக்கொள்ளலாம்.

போகும்போது கண்ணாடியை எடுத்துப் போங்கள்.