பீட்டர் பிரவுன் சேர்த்த காகிதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: மென்னோனைட்டுகள் என்றால் ஆமிஷ் மக்கள்தானே?

இல்லை. மென்னோனைட்டுகள் ஒரு கிறிஸ்தவச் சமயக் குழு. அதிலிருந்து 1693இல் யாகோப் அம்மான் பின்னால் பிரிந்து போனவர்கள்தான் ஆமிஷ். நான் பேசுவது உக்ரைனின் மொலோச்னா ஆற்றங்கரையில் 1804இல் குடியேறியவர்களைப் பற்றி.

கேள்வி: பிரவுன் யார்?

மொலோச்னா குடியேற்றத்தில் இருந்த ஹால்ப்ஷ்டாட் ஊர் வாத்தியார். 1917இல் புரட்சி வெடித்ததும், அங்கங்கே சிதறிக் கிடந்த பழைய பதிவேடுகளைச் சேர்க்க இறங்கினார். அந்தக் குடியேற்றத்தின் பெரும்புள்ளி யோஹான் கோர்னீஸின் கடிதக் கட்டுகள், பள்ளிக்கூடத் தாள்கள், ஊர் நிர்வாகக் கோப்புகள் என்று ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல். வெளியே உள்நாட்டுப் போர், அராஜகவாதத் தலைவர் மாக்னோவின் படை. உள்ளே மனிதர் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஜெர்மனி போய்விட்டார். 1929இல் சோவியத் அதிகாரிகள் எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார்கள். 1933இல் பிரவுன் இறந்தார். தொலைந்ததாகவே எல்லோரும் நினைத்திருந்த காகிதங்களை 1990இல் ஒடெஸா அரசு ஆவணக் காப்பகத்தில் டொராண்டோ பேராசிரியர் ஹார்வி டிக் கண்டுபிடித்தார்.

கேள்வி: அப்படியானால் பறித்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

நன்றியா? பறித்தவர்கள் காப்பாற்றுவதற்காகப் பறிக்கவில்லை. ஆனால் காகிதம் பிழைத்தது என்பதை மறைக்க முடியாது.

கேள்வி: கனடாவில் இருக்கும் மென்னோனைட் சந்ததியிடமே கொடுத்திருக்கலாமே?

ஏன்? அதில் மென்னோனைட்டுகள் மட்டுமா இருக்கிறார்கள்? கோர்னீஸ் ஆடுகளைக் குத்தகைக்கு விட்ட நொகாய் என்ற துருக்கிய இன மேய்ப்பர்கள் இருக்கிறார்கள், ரஷ்ய அதிகாரிகள் இருக்கிறார்கள். மூலம் ஒடெஸாவிலேயே இருக்கட்டும். நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்) வெளியே வந்துவிட்டது, கனடாவின் வின்னிபெக்கிலும் பார்க்கலாம். ‘எங்கள் தாத்தா காகிதம்’ என்று கிளம்பினால் பாதிக் காப்பகம் காலியாகிவிடும்.

கேள்வி: கையெழுத்தைப் படிக்கவே முடியவில்லை.

அது குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் ‘ஈ’யும் (e) ‘என்’னும் (n) ஒரே மாதிரி இருக்கும். ‘யூ’வின் (u) தலையில் சின்ன வளைவு போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேதி: அன்றைய ரஷ்யாவில் பழைய ஜூலியன் நாட்காட்டி. நம் நாட்காட்டிக்கு மாற்ற, 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்டுங்கள், 1900 மார்ச்சுக்குப் பின் 13.

கேள்வி: கோர்னீஸ் இறந்த தேதி ஒரு நூலில் ஒன்று, இன்னொன்றில் வேறு. எது சரி?

இதைத்தானே இப்போது சொன்னேன்! கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா?

எனக்குத் தெரிந்தது தெலுங்கு நாட்டுத் தொடர்புதான். 1889இல் ரஷ்ய மென்னோனைட் ஆபிரஹாம் ஃப்ரீசன் மிஷனரியாக இந்தியா வந்தார், பிறகு நல்கொண்டாவில் வேலை செய்தார்.

கேள்வி: 1848 மார்ச் என்று போட்டிருக்கிறதே, அதற்கு 13 நாளா?

12. பன்னிரண்டு!