நீல மாத்திரை

அன்புள்ள சார்,

ஊக்கமருந்து எடுத்துப் பிடிபட்டவர்கள் மேல் எதற்கு இரக்கப்பட வேண்டும்? 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் கனடா வீரர் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடினார், மூன்றே நாளில் தங்கம் பறிபோனது. உடம்பு அவர்களுடையது, மருந்தை விழுங்கியதும் அவர்கள்தான். இதில் வேறு யாரைக் குறை சொல்ல முடியும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஜான்சன் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மறு ஆண்டு கனடாவில் நடந்த விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் விழுங்கியது அவர்கள்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைப் படித்ததும் ஆண்ட்ரியாஸ் கிரீகர்தான் நினைவுக்கு வந்தார்.

கிழக்கு ஜெர்மனிக்காக ஹைடி கிரீகர் என்ற பெயரில் குண்டு எறிந்தவர். பெர்லினில் டைனமோ கிளப்பில் பயிற்சி. பதினாறு வயதில் கையில் நீல மாத்திரை கொடுத்தார்கள், வைட்டமின் என்று சொல்லி. கோச் கொடுத்தால் பிள்ளை விழுங்கத்தானே செய்யும்? அது ஓரல் டூரினாபோல் என்ற ஸ்டீராய்டு, ஆண் ஹார்மோன் செய்கிற வேலையைச் செய்யும். தசை ஏறியது, குரல் கட்டையானது, முகத்தில் முடி முளைத்தது. 1986இல் ஸ்டுட்கார்ட்டில் 21.10 மீட்டர் எறிந்து ஐரோப்பிய சாம்பியன். அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 2,600 மில்லிகிராம் ஸ்டீராய்டு அந்த உடம்புக்குள் போனது என்று பின்னால் கிடைத்த ஆவணங்கள் சொல்கின்றன. ஏதோ ஒரு கோச்சின் திருட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள், 1974இலிருந்து அரசே ரகசியமாக நடத்திய திட்டம் இது, யாருக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

மருந்து தந்த பலத்தில் மலைமலையாக எடை தூக்கி இடுப்பும் முதுகும் முழங்காலும் போய், இருபத்தைந்து வயதை ஒட்டி விளையாட்டே முடிந்தது.

1997இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் ஆனார். மருந்துதான் அவரைத் திருநம்பி ஆக்கியது என்று பலர் சுலபமாக எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. தன் உடம்போடு ஒட்டாத உணர்வு முன்பே இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய வருத்தம் வேறு. தான் யார் என்று தானே யோசித்துத் தெரிந்துகொள்ள விடாமல் அதையும் அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான்.

சரி, யாரைக் குறை சொல்வது என்று கேட்டீர்கள். 2000இல் பெர்லின் நீதிமன்றம் சொன்னது: கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டுக்கு 22 மாதம், அந்த மருந்துத் திட்டத்தைக் கவனித்த டாக்டர் மான்ஃப்ரெட் ஹொப்னருக்கு 18 மாதம். இரண்டுமே நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. இருவரும் சிறைக்குள் கால் வைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. கிரீகர் அங்கே சாட்சி சொன்னார். அதே மாத்திரையைத் தின்ற நீச்சல் வீராங்கனை ஊட்டே கிராவுஸேயை அந்த வழக்கில்தான் சந்தித்தார், அப்புறம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஸ்டுட்கார்ட்டில் வாங்கிய தங்கத்தை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. ஊக்கமருந்தை எதிர்த்துப் போராடுபவர்களுக்கு அவர் பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தினார்கள், அதில் பதிக்கக் கொடுத்துவிட்டார்.

அன்புடன்.