பிளானெட் ஹெம்ப்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, ராப்பும் ராக்கும் கலந்து அரசியல் பேசும் இசைக்குழு பிரேசிலில் உண்டா?

பதில்: உண்டு தம்பி, பிளானெட் ஹெம்ப். ஹெம்ப் என்றால் கஞ்சாச் செடி, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கு என்று பாடும் குழு. 1993ல் ரியோ டி ஜெனீரோவில் தொடங்கியது. 1995ல் வந்த முதல் ஆல்பம் 'உசுவாரியு'வைக் கேள், கிட்டார் ஹார்ட்கோர் பங்க் என்ற முரட்டு ராக் வகையின் வேகத்தில் பாயும், அதன் மேல் மாறி மாறி ராப், நடுவில் கொஞ்சம் ஃபங்க் என்ற ஆட்டத் தாளம். போர்த்துகீசியம் தெரியாவிட்டாலும் கோபம் புரிந்துவிடும்.

கேள்வி: ஆரம்பித்தது யார்?

பதில்: மார்செலோ டி2, ஸ்கங்க் என்று இரண்டு பேர். மார்செலோ அப்போது தெருவில் டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த, டெட் கென்னடீஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவின் சட்டையைப் பார்த்துத்தான் ஸ்கங்க் பேச்சுக் கொடுத்தாராம். முதல் ஆல்பத்தைப் பார்க்க ஸ்கங்க் இல்லை, 1994லேயே எய்ட்ஸ் நோயில் போய்விட்டார்.

கேள்வி: கஞ்சா அடிக்கிறதைப் பாடுவதெல்லாம் அரசியலா சார்?

பதில்: சில பாட்டுகள் வெறும் புகைதான், மறுக்கவில்லை. ஆனால் கஞ்சாவைத் தடுக்கும் ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது, யாரைக் கண்டும் காணாமல் விடுகிறது என்று கேட்கும்போது அது அரசியல்தானே? ஃபவேலாவில், அதாவது அங்குள்ள சேரியில், இருக்கும் கறுப்பினப் பையன் ஜெயிலுக்குப் போகிறான், காசுள்ளவன் வீட்டுக்குப் போகிறான்.

கேள்வி: பாடியதற்காகவே இந்தக் குழுவை ஜெயிலில் போட்டார்களாமே? நம்ப முடியவில்லை.

பதில்: நம்புங்கள். 1997 நவம்பரில் தலைநகர் பிரசீலியாவில் கச்சேரி முடிந்ததும் மொத்தக் குழுவையும் பிடித்தார்கள். போதைப்பொருளுக்கு ஆதரவாகப் பேசினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. சில நாள் உள்ளே இருந்தார்கள். ராணுவ ஆட்சி 1985லேயே முடிந்து, கருத்துச் சுதந்திரத்தை எழுதிவைத்த 1988 அரசியல் சாசனமும் வந்த பிறகு நடந்த கூத்து இது. சட்டத்தை மாற்று என்று கேட்பதும் சட்டத்தை மீறு என்று தூண்டுவதும் ஒன்றா என்பதுதான் சண்டையே. ஒன்றில்லை என்பது என் கட்சி. 2011ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரும் பேரணி கருத்துச் சுதந்திரமே என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: அப்படியென்றால் இப்போது அங்கே கஞ்சா சட்டபூர்வமா?

பதில்: இல்லை. 2024ல் அதே நீதிமன்றம், சொந்த உபயோகத்துக்கு 40 கிராம் வரை வைத்திருந்தால் குற்றவியல் வழக்கு கிடையாது என்றது, அவ்வளவுதான். விற்றால் இன்றும் குற்றம்தான்.

கேள்வி: குழு இன்னும் இருக்கிறதா?

பதில்: 2001ல் பிரிந்தார்கள், அப்புறம் சேர்ந்தார்கள். 2022ல் 'ஜார்டினேரோஸ்' ஆல்பம், அதற்கு 2023ல் லத்தீன் கிராமி இசை விருது. 2025ல் விடைபெறும் சுற்றுப்பயணமும் நடத்தினார்கள். ஒரு காலத்தில் விலங்கு மாட்டினார்கள், இப்போது விருது! சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மார்செலோ 2003ல் தனியாகப் போட்ட ஆல்பத்தைக் கேளுங்கள், பிரேசிலின் சாம்பா நடனத் தாளத்தில் ராப், வீட்டில் யாரும் திட்ட மாட்டார்கள்.