ஏற்காட்டில் ஓடும் பழைய டாடாமொபைல் பிக்கப்புக்கு ஏசி போடலாமா? இன்ஜின் தாங்குமா?

போடலாம், தாங்கும். ஆனால் ஏசியைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை முதல் வேலையாகச் செய்து இரண்டு முறை பணம் கட்டியவன்.

என்னுடையதும் டாடாமொபைல் 206தான், 1991 மாடல், மாமா ஓட்டிய வண்டி. நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. 1500 மீட்டர் உயரத்தில் ஏசி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். மேலே தேவையில்லைதான். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோரிமேடு தாண்டி, ஏப்ரல் மதியம் சேலம் செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் மூட்டையோடு நின்று பார்த்தால் தெரியும். கால் வைக்கும் தகடு செருப்பையும் மீறிச் சுடும்.

அந்தச் சூட்டில் பாதி வெயிலால் வருவதில்லை, இன்ஜினிலிருந்து வருகிறது. ராத்திரி இன்ஜின் பக்கம் ஒரு விளக்கை எரியவிட்டு, கேபினுக்குள் இருட்டில் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் ஓட்டை எல்லாம் சூடு வரும் வழி. என் வண்டியில் பதினோரு இடம்! கிளட்ச், ஒயர் போகும் ஓட்டைகளுக்கு ரப்பர் போட்டு, கதவு பீடிங் மாற்றி, தரையிலும் இன்ஜின் பக்கத் தகட்டிலும் தார் ஷீட்டும் அதன்மேல் அலுமினியம் ஒட்டிய ஃபோமும் ஒட்டினேன். கூரைக்கு உள்பக்கமும் அதே ஃபோம். இதைச் செய்வதற்கு முன் அதே ஏசி திணறியது. செய்த பிறகு ப்ளோயர் இரண்டாம் எண்ணிலேயே போதும் என்றாகிவிட்டது.

இனி ஏசி. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1988-ல் வந்த இந்த பிக்கப்பின் 1948 சிசி டீசல் இன்ஜின்தான் பிறகு சியராவிலும் ஆரம்பகால சுமோவிலும் வந்தது. ஏசி வைத்த பழைய சுமோவின் கம்ப்ரஸர் பிராக்கெட்டும் இரட்டைப் பள்ளம் உள்ள கிராங்க் புல்லியும் பழைய சாமான் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு அப்படியே பொருந்தியது. லேத்தில் புதிதாக பிராக்கெட் அடிக்கிறேன் என்பார்கள்; பெல்ட் நேர்கோட்டில் நிற்காவிட்டால் மாதம் ஒரு பெல்ட் போகும். டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் யூனிட்டே போதும், இரண்டு பேர் உட்காரும் கேபின்தானே. தண்ணீர் வடியும் குழாயை மட்டும் சரிவாகப் போடச் சொல்லுங்கள். எனக்கு மட்டமாகப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்த மாமாவின் வேட்டி ஒவ்வொரு வளைவிலும் நனைந்தது. "ஏசி போட்டியா, குளிப்பாட்ட ஏற்பாடு பண்ணியா?" என்றார்.

ஏசி இழுத்த சூட்டை வெளியே விடும் கண்டன்சர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் எவ்வளவு பெரிது பிடிக்குமோ அவ்வளவு பெரிதாக, பேரலல் ஃப்ளோ வகை, தனி மின்விசிறியோடு. அது ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சூடான காற்றைப் பின்னால் தள்ளும் என்பதால் ரேடியேட்டரை முதலில் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

கரண்ட் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். ப்ளோயர் 10 ஆம்பியர், கண்டன்சர் விசிறி 8, கம்ப்ரஸர் கிளட்ச் 4, ஹெட்லைட் இரண்டும் 10, வைப்பர் 4 என்று தோராயமாக வைத்தாலே 36 ஆகிறது. இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் தயாரிக்கும் பழைய ஆல்டர்னேட்டர் ஐடிலில் இதைத் தராது. மழை ராத்திரியில் மலை இறங்கி அடிவாரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன், திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. இப்போது 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். விசிறிக்கும் ப்ளோயருக்கும் தனித்தனி ரிலே.

இன்ஜின் தாங்குமா என்றீர்களே. கம்ப்ரஸர் மூன்றிலிருந்து ஐந்து குதிரைத்திறன் வரை இழுக்கும். டர்போ இல்லாத டீசல் இது. ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு சதவீத சக்தி குறையும். லோடோடு இரண்டாம் கியரில் ஏறும்போது அந்த ஐந்து குதிரை பெரிய விஷயம். அதனால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் கம்ப்ரஸர் தானாக அணையும்படி மிதிக்கு அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்தேன். எப்படியும் பாதி மலை ஏறினால் கண்ணாடியை இறக்கிவிடலாம்.

நான் ஏமாந்தது கேஸ் ஏற்றியதில். முதலில் போன கடையில் வேக்கூம் போடாமலே, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுக்காமலே கேஸை அடித்துவிட்டார்கள். இருபது நிமிடம் ஜில்லென்று வரும், அப்புறம் வெறும் காற்று. அணைத்து கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஜில். உள்ளே தங்கிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் பனிக்கட்டியாகி அடைப்பதும், உருகித் திறப்பதுமாக இருந்தது. இரண்டாவது மெக்கானிக் அண்ணன் ஈரம் உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்கூம் இழுத்து, கேஜ் முள் அப்படியே நிற்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் கேஸ் சிலிண்டரைத் திறந்தார். ஆர்134ஏ கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். சமையல் கேஸ் இனத்து மலிவு கேஸை ஏற்றுகிற இடங்களும் உண்டு. தீப்பிடிக்கும் கேஸ் அது, காலடியில் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

செய்த வேலையைத் திரும்பச் செய்ததையும் சேர்த்து எனக்கு 62 ஆயிரம் ஆனது. பாதிச் சாமான் பழசு. 2025-லிருந்து மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளுக்கே கேபின் ஏசி கட்டாயம். அதனால் சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஏசி தெரிந்த ஆட்களும் கிடைப்பார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒரு பயன் மலைமேல்தான் கிடைத்தது. கார்த்திகை, மார்கழி மூடுபனியில் முன் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்துப்போய், ஒரு கையில் துணியோடு ஓட்டுவோமே, அது போயிற்று. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடுகிறது; கண்ணாடிப் பக்கம் ஒரு குழாயைத் திருப்பிவிட்டால் இரண்டு நிமிடத்தில் வளைவு தெரியும். குளிர்மாதத்தில் இப்படி ஓட்டாதவர்கள்கூட வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள். ஆயில் சுற்றாவிட்டால் கம்ப்ரஸர் சீல் காய்ந்து, சித்திரையில் பார்க்கும்போது உள்ளே கேஸ் இருக்காது.