பாட்டி தமிழிலேயே பேசட்டும்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். 'தண்ணி வேணுமா?' என்று கேட்டால் அவனும் 'தண்ணி வேணுமா?' என்கிறான். தாகம் எடுத்து அவனாக வந்தாலும் அதையேதான் சொல்கிறான். இரண்டு மொழி அவனைக் குழப்பும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள் பள்ளியில். என் மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பேரனிடம் வாய் திறக்கவே பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்கள் மாமியாரைப் பேசச் சொல்லுங்கள்.

பள்ளியில் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. கனடாவின் மான்ட்ரியலில் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. ஒரே மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களைவிட, இரண்டு மொழி கேட்டவர்கள் பேச்சில் கூடுதலாகப் பின்தங்கவில்லை. 75 பேர் கொஞ்சம்தான், சரி. பிறகு வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. பழக்கமில்லாத ஆங்கிலத்தில் பேசினால் நம் பேச்சுதான் சுருங்கும். 'கம்', 'சிட்', 'ஈட்' என்று கட்டளை மட்டும் மிஞ்சும், கொஞ்சலும் கதையும் போய்விடும். பையனுக்கு நஷ்டம் அதுதான்.

அப்புறம், திருப்பிச் சொல்வது. ஆட்டிசத்தை 1943இல் விரிவாக எழுதிய அமெரிக்க மருத்துவர் லியோ கானரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். வெகுகாலம் இதை அர்த்தமில்லாத பழக்கம் என்று அடக்கப் பார்த்தார்கள். 1981இல் பாரி பிரிசன்ட், ஜூடித் டக்கன் என்ற ஆய்வாளர்கள் இருவர் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளை வீடியோ எடுத்துக் கவனித்தார்கள். அப்படியே திருப்பிச் சொன்னதில் 'ஆமாம்' இருந்தது, 'கொடு' இருந்தது, பதிலுக்கு ஏதாவது பேச வேண்டும் என்ற முயற்சியும் இருந்தது.

உங்கள் மகனும் தண்ணீர்தான் கேட்கிறான். டம்ளர் கைக்கு வருவதற்கு முன் அவன் காதில் எப்போதும் விழுவது அந்த வாக்கியம்தானே! அதனால் நீங்கள் கேள்வியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவன் வாயிலிருந்து வர வேண்டியதை நீங்களே சொல்லுங்கள்: 'தண்ணி வேணும்.' சொல்லிவிட்டு உடனே கொடுங்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு 'சரியாச் சொல்லு, அப்பத்தான்' என்று மட்டும் நிற்காதீர்கள். தாகத்தோடு வந்த பிள்ளைக்கு அது பாடமல்ல, தண்டனை.

பேச்சு வராமலே போய்விடுமோ என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். ஆட்டிசம் உள்ளவர்களில் 4 வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 பேரைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2013இல் வந்தது. அவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் பின்னாளில் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சரளமாகவே பேசினார்கள். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

காது பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். அவன் சொல்லும் வாக்கியங்களை, எந்த நேரத்தில் எதற்காகச் சொன்னான் என்பதோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கும்போது அதைக் கொண்டுபோங்கள்.